முள்ளிவாய்க்காலுக்கு எப்படிப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது?

மலர், திருச்சி:
ஜூலையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறோம். ஒரு நாள் முள்ளிவாய்க்காலுக்கும் போய் வர வேண்டும் என்றிருக்கிறேன். இலங்கைப் போர் அங்கே முடிந்த 2009 மே மாதம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்த படங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஊர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. 12 வயது மகளையும் கூட்டி வரலாமா?

யாழ்வாசி:
முல்லைத்தீவு பஸ் எடுங்கள். பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டினால் முள்ளிவாய்க்கால். காலையிலேயே வெளிக்கிடுங்கள், ஜூலை வெயில் கடுமை.

வட்டுவாகல் பொடியன்:
வாங்கோ அக்கா. நான் சின்னப் பெடியனாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தவன். பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கோ. ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் பெருங்கடல், இடையில் ஒடுங்கின மணல். பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்த இடம் அது, அவ்வளவு சனமும் அதற்குள் நெருங்கி இருந்தது. எறிகணை அங்கேயும் விழுந்தது. போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

அதனால், கடையில் இருக்கும் அம்மாவிடம் எடுத்த உடனே "உங்கள் வீட்டில் யார் இறந்தது" என்று கேட்காதீங்கோ. மீன் என்ன விலை, மழை பெய்ததா, இப்படிக் கதையுங்கோ. சொல்ல விருப்பம் என்றால் அவரே சொல்லுவார். பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, மண்மூட்டை கட்டக் கூறைச்சேலையையும் கிழித்துத் தைத்த கதையை என் அம்மா தானாகத்தான் சொல்லுவார். யாரும் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

நினைவு முற்றத்தில் செல்ஃபி வேண்டாம். மனிதரைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கோ. வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அப்படியே திரும்புங்கோ.

மலர், திருச்சி:
நன்றி தம்பி. அம்மாவுக்கு என் வணக்கம். மகளைப் பற்றி?

வட்டுவாகல் பொடியன்:
கட்டாயம் கூட்டி வாங்கோ. எனக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் அப்போது. நினைவு நாளான மே 18ஐ ஒட்டி இங்கே கஞ்சி கொடுப்பார்கள், அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். அந்த நாட்களில் அதைக் குடித்துத்தான் இருந்தோம். ஜூலையில் அது கிடைக்காது, நீங்களே மகளுக்குச் சொல்லுங்கோ. அப்புறம் வற்றாப்பளை கண்ணகி அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போங்கோ, நந்திக்கடல் கரைதான். சாப்பாட்டைப் பொதியாகக் கட்டி வராமல் எங்கள் பக்கக் கடையில் சாப்பிடுங்கோ. இங்கே பிழைப்பு நடத்துபவர்களுக்கு அது பெரிய உதவி.