நீரோட்டம் பலமான இடத்தில் முக்குளிக்க எந்த ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) வாங்கலாம்?

வணக்கம். இதுவரை இங்கே சிங்கப்பூரில் புலாவ் ஹந்து தீவில்தான் முக்குளித்திருக்கிறேன். கலங்கல் தண்ணீர் பழகிவிட்டது. செப்டம்பரில் இந்தோனேசியாவின் கொமோடோ போகிறோம். அங்கே நீரோட்டம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது நடுவில் பிளந்த ஃபின்ஸ். மூட்டுக்கு இதம்தான், ஆனால் போன மாதம் எதிர்நீரோட்டத்தில் எவ்வளவு உதைத்தும் நகரவே இல்லை. சிலிண்டரில் காற்றுதான் மளமளவென்று குறைந்தது. கனமான ரப்பர் ஜெட் ஃபின்ஸ் வாங்கலாமா? தவளை உதைக்கு நல்லது என்று தெரியும். எனக்கோ கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்ளும். விமானத்தில் பெட்டி எடை வேறு. நடுத்தர விறைப்புள்ள பிளாஸ்டிக் தகடு தாக்குப்பிடிக்குமா? குதிகாலுக்கு ஸ்பிரிங் பட்டை அவசியமா? பூட்ஸுடன் போட்டுப் பார்க்கவிடும் கடை இங்கே எது? அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.