பாப்பாவின் ஆபரேஷன்: எங்கள் குடும்பக் குழு

பெரியப்பா: உன் அம்மா போனில் அழுகிறாள். உன் பாப்பாவுக்கு இரண்டு கிட்னியையும் எடுக்கப் போகிறார்களாமே, உண்மையா கண்ணு?

அக்கா: ஆமாம் பெரியப்பா. ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. டபிள்யூடி1 என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறது. நோயின் பெயர் டெனிஸ்-டிராஷ். இத்தனை நாள் ஸ்டீராய்டு கொடுத்தும் வீக்கம் ஏன் வடியவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

சித்தி: ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்றுதானே சொன்னார்கள்? வராத கட்டிக்கு இப்போதே எதற்கு ஆபரேஷன்?

தங்கை (நர்ஸ்): சித்தி, இந்த நோயில் வில்ம்ஸ் கட்டி என்ற கிட்னி கேன்சர் வர வாய்ப்பு மிக அதிகம். அதுவும் சின்ன வயதிலேயே வரும். பாப்பாவின் கிட்னி ஏற்கெனவே செயலிழந்துவிட்டது. புரதம் முழுக்க சிறுநீரில் போகிறது. வேலை செய்யாமல், கேன்சர் ஆபத்தை மட்டும் வைத்திருக்கிற உறுப்பை உள்ளே விட்டுவைப்பதில் என்ன லாபம்?

பெரியப்பா: ஒன்றையாவது விடலாமே. ஒரு கிட்னியோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்களே.

தங்கை (நர்ஸ்): அவர்களுக்கு மிச்சமிருப்பது நல்ல கிட்னி பெரியப்பா. பாப்பாவுக்கு இரண்டிலும் அதே ஜீன் மாற்றம்தான்.

சித்தி: எங்கள் வார்டில் ஒரு குழந்தைக்கும் இதே மாதிரி ஆபத்து என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் மட்டும்தான் எடுக்கிறார்கள்.

தங்கை (நர்ஸ்): அது பெக்வித்-வீடமன் மாதிரி வேறு நோயாக இருக்கலாம். அதில் கிட்னி நன்றாக வேலை செய்யும். ஏழு வயது வரை ஸ்கேன் பார்த்தால் போதும், முன்கூட்டியே எடுக்க மாட்டார்கள். ஜீன் ரிசல்ட்டை மட்டும் வைத்து யாரும் கத்தி எடுப்பதில்லை சித்தி.

சித்தி: நம் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை. மாப்பிள்ளை வீட்டில்...

அக்கா: சித்தி, அந்தப் பேச்சு வேண்டாம். எனக்கும் அவருக்கும் ரத்தம் பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் இல்லை, பாப்பாவிடம் புதிதாக வந்த மாற்றம். நான் கிட்னி கொடுக்கலாமா என்பதற்காகவும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பெரியப்பா: சரி கண்ணு. அப்புறம் எப்படி?

அக்கா: வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே ராத்திரி டயாலிசிஸ். எடை பத்து கிலோவாவது வந்த பிறகு மாற்று கிட்னி. எடுத்ததை லேபில் பார்த்து, கட்டி ஒளிந்திருந்தால் முதலில் கீமோ, மாற்று தள்ளிப்போகும். புது கிட்னியில் இந்த நோய் திரும்ப வராது என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி: ரத்தம் கொடுக்க நாங்கள் எல்லோரும் வருகிறோம் அக்கா.

தங்கை (நர்ஸ்): வேண்டாம்டா. பாப்பாவுக்கு ரத்தம் ஏற்றுவதையே முடிந்தவரை தவிர்ப்பார்கள், சொந்தக்காரர் ரத்தம் என்றால் இன்னும் யோசிப்பார்கள். உடம்பு அதற்கு எதிராகப் பழகிவிட்டால் பிறகு அக்கா கொடுக்கும் கிட்னி ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சித்தி: பார்க்க வரும்போது இளநீராவது கொண்டுவரட்டுமா?

அக்கா: இளநீர் கூடவே கூடாது சித்தி, அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி இல்லாமல் அது உடம்பிலேயே தங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு பாப்பாவுக்குச் சிறுநீரே வராது, தண்ணீரும் அளந்துதான். தாகமாக இருக்கிறது என்று அழுதாலும் என்னைக் கேட்காமல் யாரும் கொடுக்காதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம். வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

பெரியப்பா: சரிம்மா. பெரியவனை லீவு முடியும் வரை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். நாளைக் காலை பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.