அம்மாவின் கடிதங்களில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

காவிரிக்கரை:
மும்பையில் எனக்கு வேலை கிடைத்த காலத்தில், அம்மா கும்பகோணத்திலிருந்து இன்லண்ட் கடிதம் எழுதுவார். பிள்ளையார் சுழி, 'நலம், நலமறிய ஆவல்', அதன்பின் கொல்லையில் துளிர்த்த கறிவேப்பிலைக் கன்று, எதிர்வீட்டு மாமியின் மூட்டுவலி என்று எல்லாம் வரும். இடம் தீர்ந்ததும் காகிதத்தைத் திருப்பி, ஓரங்களில் எறும்பு வரிசைபோல எழுதிக்கொண்டே போவார். அவற்றுள் ஒரு கடிதம்தான் என்னை விடவில்லை. கோந்து தடவிய மடிப்பின் உட்புறத்தில், 'அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், நீ லீவு போட்டுக்கொண்டு வரவேண்டாம்' என்று எழுதியிருந்தார். மாவடு போட்டதற்கு ஒரு பத்தி, நெஞ்சுவலிக்கு அந்த ஓரம். எல்லோரும் இதை அன்பு என்கிறார்கள். எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

தென்மராட்சி:
சகோதரி, உங்கள் அம்மா அதையாவது எழுதினார். என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு எழுதிய கடிதங்களில் போர் என்ற ஒன்றே இருக்காது. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதுவார். 1995 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் பகுதியே போரால் இடம்பெயர்ந்ததை வானொலியில் கேட்டுவிட்டு, உறக்கமின்றிக் காத்திருந்தேன். நெடுநாள் கழித்து வந்த கடிதத்தில், 'கொடிகாமத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறோம், நாங்கள் நல்ல சுகம், நீ யோசிக்காதே' என்ற ஒரே வரியுடன் அந்தச் செய்தி முடிந்துவிட்டது. மிச்சம் முழுவதும், நான் குளிருக்கு நல்ல கோட் வாங்கினேனா என்ற விசாரணை. கடிதம் யார் யார் கையைக் கடந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். அப்படி எழுதியவரிடம் கோபிக்க முடியுமா?

பழைய பெட்டி:
என் அம்மா இன்லண்டுக்குள் விபூதிப் பொட்டலம் வைத்து ஒட்டிவிடுவார். உள்ளே எதையும் வைக்கக்கூடாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தும் கேட்கமாட்டார். தபால்காரரிடம் நான் தண்டம் கட்டுவேன். இருக்கட்டும், நீங்கள் இருவரும் அந்தக் கடிதங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து லாமினேட் செய்யாதீர்கள், பின்னால் பிரிக்கவே முடியாது. கிழிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்டினால், சில ஆண்டுகளில் அது பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும். ரப்பர் பேண்டு, குண்டூசி இரண்டையும் நீக்கிவிட்டு, பிரித்து விரித்து, வெயில் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். நம் அம்மாக்கள் 'சித்திரை 12' என்று எழுதி ஆண்டை விட்டுவிடுவார்கள். அஞ்சல் முத்திரையைப் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் ஆண்டைக் குறியுங்கள். முத்திரை மங்கியிருந்தாலும், முகவரிப் பகுதியில் பின்கோடுக்கான ஆறு கட்டங்கள் அச்சாகியிருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிற்பட்டது என்றாவது தெரியும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

காவிரிக்கரை:
பெட்டிக்காரரே, என் கடிதங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. நான் கேட்டது அதுவன்று. தென்மராட்சிச் சகோதரி, உங்கள் அம்மாவுக்கு வேறு வழியில்லை. எங்கள் தெருமுனையிலோ எஸ்.டி.டி. பூத் இருந்தது, என் அலுவலக எண்ணும் அம்மாவிடம் இருந்தது. ஏன் போன் செய்யவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேவிட்டேன். "போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன்டி, அதற்கும் சேர்த்து மீட்டர் ஓடும்" என்றார்.