‘ஸ்வெல்’: தமிழில் என்ன சொல்வது?

நெய்தல்:
நண்பர்களே, ஹவாயின் ஓவாஹு தீவுக்கான பயணக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வைமியா விரிகுடாவில் மாட்டிக்கொண்டேன். கோடையில் அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். பிள்ளைகள் பாறைமேல் ஏறிக் குதிப்பார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதே இடத்தில் மாடி உயர அலை. உள்ளூரில் காற்று அடங்கியிருந்தாலும் வரும். வடக்கே அலூஷியன் தீவுகள் பக்கம் புயல் கிளப்பிவிட்டது, நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர்தான் ஸ்வெல் (swell). முதல் வரைவில் ‘வீக்கம்’ என்று எழுதியிருந்தேன். ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் என் மகள்.

இலக்கணத்தான்:
பொங்கு + அலை = பொங்கலை. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

நெய்தல்:
ஐயா, ‘ஜனவரியில் பொங்கலைக் காணக் கூட்டம் திரள்கிறது’ என்று வாக்கியம் அமைகிறது. கரும்பு எங்கே என்பார்கள்.

குமரிக்காரர்:
கள்ளக்கடல் இருக்கிறதே! காற்றும் மழையும் இல்லாத நாளில் சத்தமில்லாமல் வீட்டுக்குள் ஏறிவிடும் கடல். 2012-இல் யுனெஸ்கோவே ஏற்ற சொல். மீனவர் வாயில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிய பட்டறை?

நெய்தல்:
அண்ணே, அது ஸ்வெல் கரையேறும்போது நேரும் வெள்ளத்துக்குப் பெயர்; அலைக்கே அல்ல. மேலும் வைமியாவில் அலைச்சறுக்கு வீரர்கள் இந்த அலைக்காகத் தவம் கிடக்கிறார்கள். ஹவாய் அலைச்சறுக்கு வீரர் எடி ஐகாவ் நினைவுப் போட்டி, அலைமுகம் ஏறக்குறைய 40 அடி எழுந்தால்தான் நடக்கும். 2016-க்குப் பிறகு 2023-இல்தான் நடந்தது. ஏழு வருடம் காத்திருந்து வரவேற்கும் விருந்தாளியைக் கள்ளன் என்பதா?

வேர்தேடி:
ஓதம்! கடல் பெருகுவதும் ஓதம், விதைப்பை வீக்கமும் ஓதம், சுவரில் ஊறும் ஈரமும் ஓதம். வீக்கத்தையும் கடலையும் ஒரே வேரில் கட்டியவன் தமிழன்.

நெய்தல்:
பள்ளிப் பாடநூலில் ஓதம் என்றால் நிலவு இழுக்கும் ஏற்ற இறக்கம். குழப்பம் வரும்.

இலக்கணத்தான்:
சரி, நெட்டலை. ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் 15, 20 விநாடி இடைவெளி. உள்ளூர்க் காற்று எழுப்பும் நெருக்கமான அலை குற்றலை. நெட்டெழுத்து, குற்றெழுத்துப்போல, கடலுக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு.

பழைய நேயர்:
நெட்டலை வானொலிக்காரர்கள் சொல். இலங்கை வானொலியைச் சிற்றலை வரிசையில், முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பிடித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கரகரப்புக்கு நடுவே…

குமரிக்காரர்:
அந்த வானொலியின் திருமணப் பாட்டுக்குப் போய்விட வேண்டாம். கோவளத்தில் பலகை தூக்கும் பையன்கள் ஸ்வெல் என்றே சொல்கிறார்கள். அப்படியே விடுங்கள்.

நெய்தல்:
வியாழன் இரவு. நெட்டலைக்கு நான்கு பேர், ஸ்வெல்லுக்கு இருவர். முதல் இடத்தில் ‘தொலைதூரப் புயலிலிருந்து வரும் நெட்டலை’, பிறகு நெட்டலை மட்டும். அனுப்பிவிட்டேன்.

குமரிக்காரர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

வேர்தேடி:
ஓதத்துக்கும் ‘ஊதுதல்’ என்பதற்கும் உள்ள உறவைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.