கலைச்சொல் வேண்டுகோள்: பேஸ்பால் 'டிரேட்' – 'கொடுத்தெடுப்பு' சரிப்படுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை இன்று காலை ஒரே மூச்சில் மறுபடி படித்தேன். கேள்வியைக் கிளப்பியவன் நான் என்பதால் பதில் எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாம் சீவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி முதல் வாக்கியத்திலேயே நின்றுபோனேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த வாக்கியம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 1977 ஜூன் 15 அன்று நியூயார்க் மெட்ஸ் அணி சீவரைச் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு 'டிரேட்' செய்தது. அதாவது, தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்த அணியின் வீரர்களை வாங்கிக்கொண்டது. ஒற்றைக் குறிகளுக்குள் கிடக்கும் அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் இத்தனை மடல்கள்.

சீவர் யார் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். 1967-இல் மெட்ஸில் சேர்ந்த பந்தெறிவாளர். அதுவரை அந்த அணி ஊர் சிரிக்கிற அணி. 1969-இல், அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையே வென்றது. அந்த ஆண்டு சீவருக்கு 25 வெற்றிகள். சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதை மெட்ஸில் இருக்கும்போதே 1969, 1973, 1975 என மூன்று முறை வாங்கினார். அணி என்றாலே அவர்தான் என்ற பொருளில் அவருக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. அப்படிப்பட்டவரைச் சம்பளத் தகராறு முற்றி, ஒரு பத்திரிகையாளர் அவருடைய மனைவியின் பெயரையும் சண்டைக்குள் இழுத்து, கடைசியில் அவரே கோபத்தில் என்னை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து அனுப்பினார்கள். பதிலுக்கு ரெட்ஸிடமிருந்து வந்தவர்கள் நால்வர்: பேட் சாக்ரி, டக் ஃபிளின், ஸ்டீவ் ஹெண்டர்சன், டான் நார்மன்.

விடைபெறும்போது செய்தியாளர்கள் முன்னால் சீவர் ரசிகர்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். பேச்சு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி முயன்றார், முடியவில்லை. ஒரு குறிப்பேட்டை வாங்கி, சொல்ல நினைத்ததை எழுதிக் காட்டினார். இந்தக் காட்சியை எழுதும் வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தில் என்ன சொல் போடுவது? அந்த நினைப்போடுதான் உங்கள் பரிந்துரைகளைப் பார்த்தேன்.

'இடமாற்றம்' வேண்டாம். அரசு ஊழியருக்கு நடப்பது இடமாற்றம். தாசில்தாரை மாற்றினால் பழைய ஊர் பதிலுக்கு நாலு குமாஸ்தாக்களைக் கேட்டு வாங்குவதில்லை. முதலாளியும் மாறுவதில்லை. இங்கே முதலாளியே மாறுகிறார், பதிலுக்கு ஆளும் வருகிறது.

'கைமாற்று' என்று எழுதிய நண்பர் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். கைமாற்று என்றால் நம் ஊரில் அவசரத்துக்கு வாங்கித் திருப்பித் தரும் கடன். கால்பந்தில் ஒரு வீரரைச் சில மாதங்களுக்கு வேறு அணிக்கு இரவல் தருகிறார்களே, அதற்கு இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும். அதற்கென்று எடுத்து வைப்போம்.

'வணிகம்' என்பது அகராதியைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு. 'மெட்ஸ் சீவரை வணிகம் செய்தது' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். 'பரிமாற்றம்' தவறில்லை, ஆனால் கருத்துப் பரிமாற்றம், தகவல் பரிமாற்றம் என்று அந்தச் சொல் மிகவும் மென்மையாகிவிட்டது. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே செய்கிற காரியம் போல இருக்கிறது. 'மாற்று' என்று சுருக்கலாம் என்றால், 'மாற்று வீரர்' ஏற்கெனவே ஆட்டத்தின் நடுவே இறக்கப்படுபவருக்குப் போய்விட்டது. குழப்பம் நிச்சயம்.

'விற்பனை' வேறு. அதற்குப் பேஸ்பாலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1919 டிசம்பரில் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது பணத்துக்கு: 1,00,000 டாலர். அதோடு அணி முதலாளிக்கு ஒரு பெரிய கடனும் கிடைத்தது. பதிலுக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. அது சுத்தமான விற்பனை, அதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை.

இனி, ஐயா முன்வைத்த 'பண்டமாற்று'. எல்லாப் பரிந்துரைகளிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். காரியம் நடக்கும் விதத்தை அச்சாகப் பிடிக்கிறது. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குவது போல, ஆளைக் கொடுத்து ஆளை வாங்குகிறார்கள். ஆனால் ஐயா, அந்தச் சொல்லில் 'பண்டம்' இருக்கிறது. வீரர்கள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது அந்த ஒரு எண்ணத்தைத்தான்.

கர்ட் ஃப்ளட் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 ஆண்டுகள் ஆடியவர். மைதானத்தின் நடு வெளிப்பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பதில் பேர் பெற்ற கறுப்பின வீரர். 1969 அக்டோபரில் அவரையும் இன்னும் சிலரையும் பிலடெல்பியா ஃபில்லீஸுக்குத் தள்ளிவிட்டு, டிக் ஆலன் உள்ளிட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஃப்ளட்டை யாரும் கேட்கவில்லை. அன்றைய ஒப்பந்த விதிப்படி கேட்கவும் தேவையில்லை. ஒரு வீரரை எந்த அணி வைத்திருக்கிறதோ அந்த அணி அவரை ஆண்டுக்கு ஆண்டு தக்கவைத்துக்கொள்ளலாம், விரும்பினால் வேறு அணிக்குத் தள்ளலாம். அந்த டிசம்பர் 24 அன்று அவர் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்பது அதன் சாரம். போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971-இல், முடிந்துபோயிருந்தது. வீரர்களுக்கு அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்குப் பிறகுதான், 1975 இறுதியில் வந்த ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பால் கிடைத்தது.

இந்த வரலாறு தெரிந்த பிறகு அந்தக் காரியத்துக்குத் தமிழில் 'பண்டமாற்று' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளட் மறுத்த பொருளை நாமே சொல்லுக்குள் வைத்துத் தைத்தது போலாகும். அதே சமயம் 'பரிமாற்றம்' போல வலியே தெரியாத சொல்லும் வேண்டாம். நடப்பதைச் சொல்ல வேண்டும், ஆளைப் பொருளாக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்த சொல் ஏதாவது ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறதா என்று தேடினேன்.

இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே.

என் அத்தையின் கல்யாணக் கதையை அப்பாயி சொல்லும்போது, 'அந்த வீட்ல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தோம்' என்பார். அத்தையைக் கொடுத்தார்கள், அந்த வீட்டுப் பெண்ணைச் சித்தப்பாவுக்கு எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதை மாற்றுச் சம்பந்தம் என்பார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கொடுப்பதும் எடுப்பதும் மனிதரைத்தான். ஆனாலும் யாரும் அதைப் பண்டம் என்று நினைப்பதில்லை. கொடுத்த வீடு அழுகிறது, எடுத்த வீடு வாசலில் ஆரத்தியோடு நிற்கிறது. நடுவில் போகிறவரைக் கேட்டார்களா இல்லையா என்பது அந்தந்தக் குடும்பத்தின் கதை. அத்தையைக் கேட்கவில்லை. இதைவிட நெருக்கமாக அந்தப் பேஸ்பால் சொல்லைத் தொடும் தமிழ் எனக்குத் தெரியவில்லை.

ஆக என் பரிந்துரை: கொடுத்தெடுப்பு. வினையாக வரும்போது பிரித்தே எழுதலாம், 'கொடுத்து எடுத்தது' என்று.

வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். கலைச்சொல்லை அகராதியில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தலைப்புச் செய்தியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 'சீவரைக் கொடுத்து நால்வரை எடுத்தது மெட்ஸ்.' சரியாக இருக்கிறது. 2020 பிப்ரவரி: 'மூக்கி பெட்ஸைக் கொடுத்து மூன்று இளைஞர்களை எடுத்தது பாஸ்டன்.' அதுவும் சரி. (பெட்ஸோடு டேவிட் பிரைஸையும் அனுப்பினார்கள். பெட்ஸ் அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு உலகத் தொடரை வென்றார்.) அந்தப் பேச்சுவார்த்தையில் முதலில் மினசோட்டா அணியும் இருந்தது. அப்படி நடந்திருந்தால் 'மூன்றணிக் கொடுத்தெடுப்பு'. ஒரு பருவத்தில் இப்படி ஆள் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கடைசி நாளுக்குக் 'கொடுத்தெடுப்புக் கெடு'. பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தும் ஒரே அணியில் இருந்தவர் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஃப்ளட் வழக்குக்குப் பிறகு வந்ததே, அதற்குக் 'கொடுத்தெடுப்பு மறுப்புரிமை'. 1973-இல் சிகாகோ கப்ஸ் அணியின் ரான் சான்டோதான் அதை முதலில் பயன்படுத்தியவர்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, தமிழ் ரசிகர்கள் இதைக் கிட்டத்தட்ட ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தபோது, செய்திகளில் 'டிரேட்' என்று வந்தது. எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் வந்தது வேறு: 'ஜட்டுவைக் குடுத்துட்டு சாம்சனை எடுத்துருக்காங்கப்பா.' 2012 முதல் சென்னைக்கு ஆடிய ஒருவர் போகிறார் என்ற வருத்தம் அந்தக் 'குடுத்துட்டு'வில் இருந்தது. 'டிரேட்' என்ற சொல்லில் அது இல்லை.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும், அதை நானே எழுப்பிவிடுகிறேன். வீரரை எழுவாயாக வைத்தால் என்ன செய்வது? 'சீவர் கொடுத்தெடுக்கப்பட்டார்' என்பது படிக்கவே முடியாத தமிழ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கட்டாயம் செயப்பாட்டு வினையில் சொல்ல வேண்டுமா? 'கொடுத்தெடுப்பில் போனார்', 'கொடுத்தெடுப்பில் வந்தவர்'. போனார், வந்தார் என்றால் போதும். அவரே கேட்டுப் போனாலும் இது பொருந்தும்.

இச்சிரோ சுசுகி அப்படித்தான் போனார். 2001 முதல் சியாட்டில் மாரினர்ஸின் முகம் அவர். தன்னை அனுப்பச் சொல்லி அவரே கேட்டார். 2012 ஜூலை 23 அன்று அவரை யாங்கீஸுக்குக் கொடுத்து இரண்டு இளம் பந்தெறிவாளர்களை எடுத்தார்கள். அன்றைக்கு யாங்கீஸ் ஆட வந்திருந்ததே சியாட்டிலில்தான். ஆக, அவர் போன தூரம் ஒரே மைதானத்துக்குள் ஓர் உடைமாற்று அறையிலிருந்து மற்றோர் அறை. முதுகில் 51 என்ற அவருடைய எண் இல்லை, 31. யாங்கீஸில் 51 பெர்னி வில்லியம்ஸின் எண்ணாகவே நினைக்கப்பட்டதால் அதை அவர் கேட்கவில்லை. சாம்பல் நிறச் சீருடையில் மட்டையோடு அவர் வந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு பக்கம் குனிந்து வணங்கினார், திரும்பி இன்னொரு பக்கமும் வணங்கினார். அப்புறம் ஒற்றை அடி அடித்து முதல் தளத்துக்கு ஓடி, இரண்டாம் தளத்தையும் 'திருடினார்', அதாவது அடுத்தவர் அடிக்கக் காத்திராமல் ஓடிப் பிடித்தார். கொடுத்த வீட்டு வாசலிலேயே எடுத்த வீட்டுக்காரராக நின்றார் என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

இன்னொரு சிக்கலுக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. சில சமயம் ஒருவரை இப்போது எடுத்துக்கொண்டு, பதிலுக்கு யாரைக் கொடுப்பது என்பதைப் பிறகு சொல்வதாக ஒப்பந்தம் போடுவார்கள். அப்படி வரப்போகும் ஆளுக்குப் பேஸ்பாலில் தனிப் பெயரே உண்டு. 1962-இல் மெட்ஸ் அணி ஹாரி சிட்டி என்பவரைக் கிளீவ்லாந்திடமிருந்து இப்படித்தான் எடுத்தது. இரண்டு மாதம் கழித்து, கொடுக்க வேண்டிய ஆளாக அவரையே திருப்பி அனுப்பியது. இந்தப் 'பிறகு சொல்லப்படும் வீரர்' என்பதற்கு 'பின்பெயர் வீரர்' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் குடும்பப் பெயர் என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கம். 'நிலுவை வீரர்' எப்படி? கொடுக்க வேண்டிய பாக்கி என்ற பொருள் அதில் நேராக இருக்கிறது. ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள்.

ஐ.பி.எல். பற்றி ஒன்று. அங்கே பணத்துக்கு மட்டும் ஆள் மாறினாலும் டிரேட் என்றே சொல்கிறார்கள். 2023-இல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனது அப்படி. நம் சொல்லை அதற்கு நீட்ட வேண்டாம், பதிலுக்கு ஆள் வந்தால் மட்டும் கொடுத்தெடுப்பு என்று வரையறையில் எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு ஏதும் வராவிட்டால் சொற்கோவையில் சேர்த்துவிடுகிறேன். கட்டுரையின் முதல் வாக்கியத்தை இப்போதைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: '1977 ஜூன் 15 அன்று நியூயார்க் மெட்ஸ், டாம் சீவரைச் சின்சினாட்டிக்குக் கொடுத்து நால்வரை எடுத்தது.' அடுத்ததில் குறிப்பேடு வருகிறது.

அன்புடன்