விவால்டியை வைத்துப் பருவகாலப் பாடம்: எந்தப் பகுதிகள், எந்த வரிசை?

கரும்பலகை:
ஐந்தாம் வகுப்பு, 30 பிள்ளைகள், 45 நிமிஷ பீரியட் இரண்டு. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் ஒரு உலக உருண்டையும் இருக்கின்றன. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' இசையைக் கேட்கவைத்துப் பாடத்தைத் தொடங்கலாம் என்று திட்டம். முழுதும் ஓட்டினால் 40 நிமிஷம் போய்விடும், எதை எடுப்பது? பனியையே பார்க்காத சென்னைப் பிள்ளைகளுக்கு இது ஒட்டுமா? இசையிலிருந்து பூமியின் சாய்வுக்கு எப்படிப் போவது?

நாலாம்தந்தி:
நான்கு கான்செர்ட்டோ (தனி வயலினும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிப்பது), ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி. பன்னிரண்டில் நான்கு போதும்: வசந்தம் முதல் பகுதி (பறவை, ஓடை, நடுவில் இடி), கோடை மூன்றாம் பகுதி (ஆலங்கட்டி மழை), இலையுதிர்காலம் முதல் பகுதி (அறுவடைக் கொண்டாட்டம்), குளிர்காலம் முதல் பகுதி (நடுக்கம், பல் தந்தியடிப்பது). ஒவ்வொன்றிலும் ஒன்றரை நிமிஷம் போதும்.

இதெல்லாம் நாமாகக் கற்பனை செய்வதில்லை. 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானபோதே ஒவ்வொரு கான்செர்ட்டோவோடும் ஒரு கவிதை வந்தது. எந்த வரி எந்த இடத்துக்கு என்று இசைத்தாளிலேயே குறித்திருக்கிறது. வசந்தம் இரண்டாம் பகுதியில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) நாயாகக் குரைக்கும். நேரம் மிஞ்சினால் அதைப் போடுங்கள், வகுப்பே சிரிக்கும்.

தலைப்பை முதலில் சொல்லிவிடாதீர்கள். முதல் தடவை கேட்கும்போது என்ன சத்தம், எது அசைகிறது என்று மட்டும் எழுதட்டும். இரண்டாம் தடவைதான் பருவத்தை ஊகிக்க வேண்டும். கோடைப் புயலுக்குப் பாதி வகுப்பு 'மழைக்காலம்' என்றுதான் எழுதும். தப்புப் போடாதீர்கள், வட இத்தாலியில் ஆலங்கட்டி கொட்டுவதே கோடை வெக்கையில்தான். 'சோகமாக இருந்தால் குளிர்காலம்' என்ற ஊகமும் வரும். அது நிற்காது: கோடையும் மைனரில்தான் (சோகமாக ஒலிக்கும் சுர அமைப்பு) அமைந்திருக்கிறது, குளிர்காலமும் மைனரில்தான்.

ஸ்பீக்கரை மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுவில் வையுங்கள். ஃபேன் ஓடினால் மெல்லிய இடங்கள் கடைசி பெஞ்சுக்கு எட்டாது.

சாய்ந்த_அச்சு:
பருவம் எப்படியிருக்கும் என்பதை இசை சொல்லிவிடும், ஏன் வருகிறது என்பதைச் சொல்லாது. இரண்டாம் பீரியடை முழுக்க அதற்கே வையுங்கள்.

தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம், நடுவில் மூடியில்லாத பல்பு, உருண்டையின் மைய உயரத்தில். வட்டத்தில் நான்கு நிறுத்தம்: ஜூன் 21, செப்டம்பர் 22, டிசம்பர் 21, மார்ச் 20. மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உருண்டையைச் சுழற்றிக்கொண்டே அதற்குரிய இசை 30 விநாடி.

கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: உருண்டையை ஏந்தி நடக்கிற பிள்ளை உடம்போடு உருண்டையையும் திருப்பிவிடும். சாய்வு எப்போதும் பல்பை நோக்கியே இருக்கும், வருஷம் முழுக்கக் கோடை! சுவரில் ஒரு நட்சத்திரம் ஒட்டி, அச்சின் வடமுனை எங்கே நின்றாலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். விவால்டியின் வெனிஸில் (சுமார் 45 பாகை வடக்கு) ஒரு பொட்டு ஒட்டுங்கள். அங்கே ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் ஒன்பதுக்கும் குறைவு.

வெப்பத்துக்கு டார்ச்சும் வரைபடத்தாளும். நேராக அடித்து வெளிச்சத்தின் ஓரத்தை வரையுங்கள். பிறகு அதே தூரத்திலிருந்து, தாளோடு 30 பாகை கோணத்தில். கட்டங்களை எண்ணினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்: அதே வெளிச்சம், இரு மடங்கு இடத்தில். செல்போன் வெளிச்சம் கலங்கிப் பரவும். கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டி மாட்டுங்கள்.

'கோடையில் சூரியன் கிட்டே வருது' என்று ஒரு குரல் நிச்சயம் கேட்கும். பூமி மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. வெனிஸ் நடுங்குவது அருகில் இருக்கும்போதுதான்.

கூதிர்:
விவால்டியோடு நிறுத்தினால் பாடம் பாதிதான். அர்ஜென்டினா இசையமைப்பாளர் பியாசோல்லாவின் 'புவெனோஸ் ஐரெஸ் நான்கு பருவங்கள்' (1965–70) தென் அரைக்கோளத்து ஊருடையது. அதை இசையமைப்பாளர் லியோனித் தெஸ்யாத்னிகோவ் வயலினுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் மாற்றியமைத்தபோது, அர்ஜென்டினாவின் கோடைக்குள் விவால்டியின் குளிர்காலத் துணுக்குகளைச் செருகினார். டிசம்பரில் அங்கே கோடை, வெனிஸில் குளிர்: இதைக் காதாலேயே பிடித்துவிடலாம். டிசம்பர் நிறுத்தத்தில் இதைப் போடுங்கள்.

சென்னைக்கு வந்தால், நான்கு பருவத்தைத் திணிக்காதீர்கள். சுமார் 13 பாகை வடக்கில் சூரியன் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை நேர் உச்சிக்கு வரும். அவைதான் நிழலில்லா நாள்கள். நம் காலங்களைப் பிரிப்பதில் காற்றின் திசைக்குப் பெரிய பங்கு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறையும் கொடுத்து, எதற்கு விவால்டியின் எந்தப் பகுதி பொருந்தும், எதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று கேளுங்கள். அமிர்தவர்ஷிணி ராகம் பாடினால் மழை வரும் என்ற கதையை மட்டும் இந்த வகுப்பில் கலக்க வேண்டாம்.

கரும்பலகை:
நன்றி. வகுப்பை இருட்டாக்க வழியில்லை, ஜன்னல்களுக்குக் கதவே இல்லை. பல்பு எடுபடுமா?

சாய்ந்த_அச்சு:
எடுபடாது. பல்புக்குப் பதில் ஒரு பிள்ளையைச் சூரியனாக நடுவில் உட்காரவையுங்கள், பிள்ளையின் கண் உலக உருண்டையின் மைய உயரத்தில் இருக்கட்டும். அதன் கண்ணுக்குத் தெரிகிற பாதிதான் பகல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'வட துருவம் தெரிகிறதா?' என்று கேளுங்கள். ஜூனில் தெரியும், டிசம்பரில் தெரியாது. இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கிட்டே போனால் உருண்டையில் பாதிகூடத் தெரியாது, கணக்கு குழம்பும்.