நான்கு வயது மகள் ஓயாமல் பேசுகிறாள்; நேற்று "வாயை மூடு" என்று கத்திவிட்டேன்

எழுதியவர்: இரு மகள்களின் தாய்

என் மூத்த மகளுக்கு நான்கு வயது இரண்டு மாதம். கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுகிறாள். பாதித் தூக்கத்தில் "அம்மா, அந்த நாய்க்கு ஏன் சட்டை இல்லை?" என்பாள். எந்த நாய் என்று கேட்டால், நேற்றுப் பார்த்தது, இல்லை கனவில் வந்தது, இல்லை இனிமேல் பார்க்கப் போவது என்று கதை வளரும். பல் துலக்கும்போது நுரையோடு பேசுகிறாள். நான் குளியலறைக்குள் போனால், தரையில் படுத்துக் கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறாள்.

ஒவ்வொரு வாக்கியமும் "அம்மா" என்றுதான் தொடங்கும். நான் "ம்" என்று சொல்லும் வரை அடுத்த சொல் வராது. "அம்மா, அம்மா, அம்மா" என்று அதே இடத்தில் நிற்பாள். அந்த "ம்" ஒப்புக்குச் சொன்னது என்று தெரிந்துவிட்டால், இரண்டு உள்ளங்கைகளாலும் என் கன்னங்களைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் கைகள் எப்போதும் சற்று ஈரமாக இருக்கும்.

இளையவளுக்கு எட்டு மாதம். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். இளையவள் தூங்கும் நேரம்தான் எனக்கு வேலை நேரம். நேற்று அவர் வெளியூரில் இருந்தார். ஒரு கணக்கு ஒத்துவரவில்லை. இளையவள் அப்போதுதான் கண்ணயர்ந்தாள். பெரியவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எறும்புக்கு வீட்டுச் சாவியை யார் கொடுத்தார்கள் என்ற கதையைத் தொடங்கினாள். மூன்றாம் முறை முகத்தைத் திருப்பியபோது, "கொஞ்ச நேரம் வாயை மூடுகிறாயா!" என்று கத்திவிட்டேன். என் குரலில் இளையவளே விழித்துக்கொண்டாள்.

பெரியவள் அழவில்லை. எதுவும் பேசாமல் போய்விட்டாள். வீடு நாற்பது நிமிடம் அமைதியாக இருந்தது. அவள் பேசத் தொடங்கிய பிறகு இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு தலையணையிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். "மெதுவாகப் பேசு. அம்மாவுக்குக் கேட்டுவிடும்."

இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. இந்த வயதில் இவ்வளவு பேச்சு இயல்புதானா? அவள் மனம் நோகாமல் எனக்குக் கொஞ்சம் அமைதியைப் பெற வழி உண்டா? நேற்று நான் கத்தியது அவளுக்குள் தங்கிவிடுமா? "குழந்தை பேசுவது வரம், ரசியுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். ரசிக்கிறேன். மாலை ஆனால் தலைக்குள் ஒரு இரைச்சல் நிற்காமல் ஓடுகிறது என்பதும் உண்மை.

பதில்: இரட்டையரின் அப்பா

சகோதரி, என் வீட்டில் ஐந்து வயதில் இரண்டு பேர். ஒருவன் நிறுத்தினால் மற்றவன் தொடங்குவான். எங்களுக்கு உதவிய ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன்: மணல் கடிகாரம். ஐந்து நிமிடத்தில் மணல் இறங்கி முடிகிற சிறியது. "பத்து நிமிடம் பொறு" என்றால் அந்த வயதுப் பிள்ளைக்கு அது என்னவென்றே புரியாது. பத்து நிமிடமும் நாளை மறுநாளும் அவர்களுக்கு ஒன்றுதான். மணல் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. முடிந்ததும் அப்பா வருவார் என்பதும் தெரிகிறது.

ஆனால் முடிந்த நொடியில் கட்டாயம் போய்விட வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் மணல் தீர்ந்த பிறகும் தொலைபேசியை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நான்கு நாட்கள் அவர்கள் அந்தக் கடிகாரத்தை நம்பவில்லை. மணல் பாதி இறங்கும்போதே வந்து நின்றார்கள். தவறு என்னுடையது. ஐந்தாம் நாளிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை. நம்பிக்கை மெல்லத் திரும்பி வந்தது.

இதைத் தண்டனையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். "அதிகம் பேசினாய், அதனால் கடிகாரம்" என்று ஒருமுறை சொன்னாலும் கெட்டுவிடும்.

பதில்: மழலையர் வகுப்பு ஆசிரியை (ஓய்வு)

மகளே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். உன் பதிவில் என்னை நிறுத்தியது அந்தத் தலையணைதான். நீ அதைக் காயத்தின் அடையாளமாகப் பார்க்கிறாய். காயம் கொஞ்சம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அவள் தலையணையிடம் பேசியது நேற்றுப் புதிதாக வந்த பழக்கமாக இருக்காது. கேட்காத நேரத்தில் எத்தனையோ முறை பேசியிருப்பாள்.

ரூத் வெய்ர் என்ற மொழியியல் அறிஞர், தம் மகன் தூங்குவதற்கு முன் இருட்டில் தனியாகப் பேசுவதை ஒலிப்பதிவு செய்து 1962இல் ஒரு நூலாக வெளியிட்டார். பையனுக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தானாம். யாரும் சொல்லிக்கொடுக்காத பயிற்சி. பிள்ளைகள் மொழியைப் பழகுவது இப்படித்தான். எல்லாப் பேச்சும் நமக்காகப் பேசப்படுவதில்லை.

இதைத்தான் நீ முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உன் மகள் பேசுவதில் ஒரு பகுதி உண்மையான கேள்வி. ஒரு பகுதி உன்னிடம் எதையோ சொல்ல வருவது. மீதி, தன்னோடு பேசிக்கொள்வது. கடைசி வகைக்குப் பதில் தேவையில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? பேசிவிட்டு உன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாளா, கையில் இருப்பதைப் பார்த்தபடி அடுத்ததற்குப் போகிறாளா என்று இரண்டு நாள் கவனி. கட்டைகளை அடுக்கிக்கொண்டே "இது இங்கே, இல்லை, விழுந்துவிடும், பெரியது கீழே" என்பது உனக்கானது அல்ல. அதற்கெல்லாம் "ம்" போட்டே நீ களைத்திருப்பாய்.

இந்தத் தன்பேச்சைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி எழுதியது 1934இல், அவர் இறந்த ஆண்டில், வெளிவந்தது. வேலையில் தடங்கல் வரும்போது, அதாவது வரையும்போது வேண்டிய பென்சில் கையில் இல்லாதபோது, பிள்ளைகளின் தன்பேச்சு ஏறத்தாழ இரண்டு மடங்காவதை அவர் கண்டார். அதாவது அது சிந்தனை. இன்னும் உள்ளே போகாத, வாய்வழியாக நடக்கிற சிந்தனை. பள்ளிப் பருவத்தில் அது மெல்ல மெல்ல உள்ளே போய்விடுகிறது.

அவர் செய்த இன்னொன்றுதான் உனக்கு முக்கியம். தன்பேச்சு அதிகமாக இருந்த பிள்ளைகளைக் காது கேளாத பிள்ளைகளோடும், வேறு மொழி பேசும் பிள்ளைகளோடும் சேர்த்து விட்டுப் பார்த்தார். தன்பேச்சு மிகவும் குறைந்துபோனது. தனக்குத்தானே பேசுவதற்குக்கூட, கேட்கிற காது ஒன்று அருகில் இருக்கிறது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது. உன் மகள் கதவிடுக்கில் வாயை வைப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நீ பதில் சொல்வதைவிட, கதவுக்கு அந்தப் பக்கம் நீ இருப்பது அவளுக்குப் போதும்.

அடுத்து, கேள்விகள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் சிறு பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக எழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளைத் தகவல் அறியவே கேட்டதாகக் கணக்கிட்டார்கள். ஆகவே உன் மகள் விதிவிலக்கு இல்லை. 2009இல் வந்த மற்றோர் ஆய்வு, காரணம் சொல்லிப் பதில் தந்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டு மேலே போகிறார்கள், மழுப்பினால் அதே கேள்விக்குத் திரும்புகிறார்கள் என்று காட்டியது. வகுப்பறையில் நான் தினமும் கண்டது இது. "நாய்க்கு உடம்பெல்லாம் முடி இருக்கிறது, அதுவே அதற்குச் சட்டை" என்று ஒரு வரி சொன்னால் அந்தக் கேள்வி முடிந்துவிடும். "ம்" என்றால் பத்து முறை வரும். நேரம் மிச்சமாவது உண்மையான பதிலில்தான். தெரியாவிட்டால் "எனக்கும் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேள். பல நேரம் அவர்கள் கேட்பதே, தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பதிலைச் சொல்வதற்காகத்தான்.

கத்தியதைப் பற்றி: இன்றே அவளிடம் மன்னிப்புக் கேள். நீட்டி முழக்க வேண்டாம். "நேற்று அம்மா கத்தினேன். உன் பேச்சு தப்பில்லை. என் காது களைத்துப்போயிருந்தது" என்றால் போதும். காது களைக்கும் என்பது நான்கு வயதுக்குப் புரியும். கால் களைப்பதை அவள் அறிவாள் அல்லவா?

பதில்: காத்திருந்தவள்

தோழி, என் மகன் மூன்றரை வயது வரை பேசவில்லை. ஒலிகள் மட்டும் வந்தன. இப்போது அவனுக்கு ஆறு வயது, நிறுத்தாமல் பேசுகிறான். அப்படிக் காத்திருந்த நானே சில மாலைகளில் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். உங்கள் களைப்பு நன்றிகெட்டதனம் அல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழந்தைக்காக எவ்வளவு ஏங்கியவரானாலும் காது ஒரே அளவுதான் தாங்கும்.

இன்னொன்று. அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் தினமும் அரை மணி நேரம் மூத்தவளை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அவள் கேள்விகளில் பாதி அப்பாவுக்கும் சேரட்டும். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் அவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார்.

பதில்: பேச்சு, மொழிப் பயிற்சியாளர்

ஆசிரியை சொன்னவற்றோடு இரண்டு குறிப்புகள் மட்டும். இந்த வயதில் எண்ணம் வேகமாக ஓடும், வாய் பின்தங்கும். அதனால் "நா நா நான்" என்று சொற்கள் திரும்பத் திரும்ப வருவது இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளிடம் காணப்படுவதுதான். அப்போது "நிதானமாகச் சொல்" என்று திருத்தாமல், நீங்கள் நிதானமாகக் கேளுங்கள். அது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேச முயலும்போது முகம் இறுகினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ ஒரு பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பேச்சின் அளவைவிட அது இரண்டு பக்கமும் போய்வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் சொன்னதற்கேற்பத் தன் பேச்சை மாற்றுகிறாளா? பின்னாலிருந்து மெல்லிய குரலில் அழைத்தால் திரும்புகிறாளா? ஒரே பொருளைப் பற்றி மட்டும் பேசி, எதிரில் இருப்பவர் சொல்வது எதுவுமே உள்ளே போகாமல் இருந்தாலும், அழைத்தால் திரும்பாமல் இருந்தாலும், குழந்தை மருத்துவரிடம் சொல்லிச் செவித்திறனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. "ம்" ஒப்புக்குச் சொன்னது என்று கண்டுபிடிக்கிற பிள்ளை நன்றாகவே கவனிக்கிறாள்.

பதில்: இரு மகள்களின் தாய்

ஆறு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆசிரியை அம்மா, நீங்கள் சொன்ன சொற்களையே அன்றிரவு அவளிடம் சொன்னேன். அவள் என் காது மடலைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே களைத்திருக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கவனித்துப் பார்த்ததில், அவள் பேச்சில் பெரும்பகுதிக்கு என் பதில் வேண்டியதே இல்லை. இப்போது நான் வேலை பார்க்கும் மேசைக்கு அடியில் அவளுக்கு ஒரு விரிப்புப் போட்டிருக்கிறேன். என் கால் விரலைத் தொட்டபடி தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கிறாள். முகத்தைத் திருப்புவது முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் மிகவும் குறைந்திருக்கிறது. மணல் கடிகாரமும் வாங்கினோம். முதல் நாள் அதையே உற்றுப் பார்த்து, "அம்மா, மணல் எங்கே போகிறது?" என்று ஐந்து நிமிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து காத்திருக்கிறாள். மெல்லிய குரலில் அழைத்துப் பார்த்தேன், அடுத்த அறையிலிருந்தே திரும்பிக் கேட்டாள். தோழி, அவரிடமும் பேசினேன். நேற்று நடந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்ததும், முதல் முறையாக இது எங்கள் இருவருடைய வேலை என்று தோன்றியது.

நேற்றிரவு படுக்கையில், அன்று பாதியில் நின்ற கதையை நானே கேட்டேன். எறும்புக்கு வீட்டுச் சாவியை யார் கொடுத்தார்கள்?

"சாவியே இல்லை, அம்மா. உள்ளே யாராவது எப்போதும் இருப்பார்கள். தட்டினால் திறப்பார்கள்."

சின்னவள் எழுந்துவிட்டாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.